பதின்மூன்று மெழுகுவர்த்தியும் ஒரு பாட்டில் கலரும்: மெக்சிகோ மலையூரில் ஐந்து நாள்

தீபாவளிக்கு மறுநாள் எங்கள் ஊர் தூங்கிவிடும். நீங்கள் வெடித்துக் களைத்துத் தூங்குவீர்கள், நாங்கள் செய்து களைத்துத் தூங்குவோம். சிவகாசி பக்கம் தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் ஃபோர்மேன். ஆண்டுக்கு அந்த ஒரு மாதம்தான் ஓய்வு, அதையும் வழக்கமாக ஒட்டடை அடித்தே கழிப்பேன். 2007-இல் என் மைத்துனன் வந்து கெடுத்தான். மெக்சிகோ நகரத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவன், அக்காவுக்கும் அத்தானுக்கும் டிக்கெட் அனுப்பிவிட்டான். அக்கா என்பது என் மனைவி ஜெசிந்தா, திருத்தங்கலில் பள்ளி ஆசிரியை. அத்தான் என்பது அவளுடைய பெட்டியைத் தூக்கப் போனவன்.

போய் இறங்கியபின் மைத்துனனுக்கு லீவு கிடைக்கவில்லை. "தெற்கே ஒரு மலையூர் இருக்கு அத்தான், நீங்க ரெண்டு பேரும் அஞ்சு நாள் பாத்துட்டு வாங்க" என்று விமானத்தில் ஏற்றிவிட்டான். ஊரின் பெயர் சான் கிறிஸ்டோபல் தெ லாஸ் காசாஸ். மெக்சிகோ நகரத்திலிருந்து துஸ்த்லா என்ற ஊருக்கு ஒன்றரை மணி நேர விமானம். அங்கிருந்து பஸ், ஆளுக்கு நாற்பது பெசோ. ஒரு பெசோ அப்போது ஏறத்தாழ நாலு ரூபாய். அறுபது கிலோமீட்டர்தான், ஆனால் மொத்தமும் ஏற்றம். வியர்வையோடு ஏறியவன், ஒரு மணி நேரத்தில் காது அடைத்து, பல் தந்தியடிக்க இறங்கினேன். உயரம் இரண்டாயிரத்து இருநூறு மீட்டர், நம் கொடைக்கானலுக்கும் சற்று மேலே. அறை வாடகை நாளுக்கு 250 பெசோ, கம்பளி இரண்டு. இரண்டையும் ஜெசிந்தா எடுத்துக்கொண்டாள்.

ஊர் அழகு. ஓட்டுக் கூரைகள், மஞ்சளும் காவியுமாகச் சுவர்கள், முற்றம் வைத்த வீடுகள். 1528-இல் ஸ்பானியர்கள் கட்டிய ஊர். உள்ளூர் மாயா மக்களுக்காக ஸ்பெயின் அரசனிடமே வாதாடிய ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், பெயரை ஊர் சுமக்கிறது. பெயரை வைத்தார்களே ஒழிய, அந்த மக்களை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நடைபாதையில் நடக்க விட்டதில்லையாம், தெருவில் இறங்கித்தான் போகவேண்டும். 1994 புத்தாண்டன்று நிலமும் உரிமையும் கேட்டு, முகத்தை மூடிய மாயா விவசாயிகள் இறங்கிவந்து இந்த ஊரையே பிடித்திருக்கிறார்கள். இப்போது அந்த முகமூடிக்காரர்களைப் பொம்மையாகச் செய்து, அதே நடைபாதையில் உட்கார்ந்து அதே மக்கள் விற்கிறார்கள். ஜெசிந்தா இரண்டு வாங்கினாள்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, பத்து கிலோமீட்டர் தள்ளியுள்ள சாமுலா கிராமத்துக்கு வேன் பிடித்தோம். ஆளுக்குப் பத்து பெசோ, இருபத்தைந்து நிமிடம். ஓட்டுநர் மரியானோ அமெரிக்காவில் சில வருடம் தக்காளி பறித்தவர், அதனால் ஆங்கிலம் பேசுவார். நூறு பெசோ கூடுதலாகக் கொடுத்தால் கூடவே வந்து விளக்குவதாகச் சொன்னார். அந்த நூறு பெசோதான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

அந்தக் கிராமத்துக் கிறிஸ்தவக் கோயில் வாசலிலேயே எனக்கு உயிர் போய் வந்தது. ஏதோ வேண்டுதலுக்காக ஒருவர் ராக்கெட் விட்டார். நட்டுவைத்து அல்ல, குச்சியை ஒரு கையில் பிடித்து, மறுகையில் இருந்த சிகரெட்டால் பற்றவைத்து, புகை வந்த பிறகு சாவகாசமாகக் கையை விட்டார். ஃபோர்மேனாகிய நான் ஜெசிந்தாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தேன். சாமியை எழுப்பத்தான் வாணம் விடுகிறோம் என்றார் மரியானோ.

நுழைவுச்சீட்டு இருபது பெசோ. உள்ளே புகைப்படம் கூடவே கூடாது, கேமராவைப் பையில் போட்டு மூடிவிடுங்கள். எங்களைப் போல அவர்களும் கத்தோலிக்கர்தான், ஆனால் பெஞ்சும் இல்லை, பூசையும் அநேகமாக இல்லை. தரை முழுக்கப் பைன் ஊசியிலை. அந்த இலைமேல் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, கொஞ்சம் இலையை ஒதுக்கி, தரையில் மெழுகுவர்த்திகளை வரிசையாக ஒட்டி ஏற்றுகிறார்கள். ஆயிரக்கணக்கில் சுடர்கள், சுற்றிலும் காய்ந்த இலை. மற்றவர்கள் அங்கே கடவுளைப் பார்ப்பார்கள். நான் வாளி எங்கே, மணல் எங்கே என்று பார்த்தேன்.

நடுவில் ஒரு பெண், மடியில் இரண்டு வயதுக் குழந்தை. எட்டு நாளாகக் காய்ச்சலாம். மருத்துவமனையில் மருந்து வாங்கிக் கொடுத்தபின் இங்கே மூன்று நாள் வேண்டுதல், இன்று கடைசி நாள். மந்திரம் சொல்லும் பெண் முட்டையால் குழந்தையைத் தடவிக்கொண்டிருந்தார். அருகே ஒரு பாட்டில் கறுப்புக் குளிர்பானம், எங்கள் பக்கம் அதைக் கலர் என்போம். அதைக் குடித்து ஏப்பம் விட்டால் உள்ளே இருக்கும் கெட்டது வெளியேறும் என்பது நம்பிக்கை. இது மட்டும் உண்மையானால் எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்திகளில் இந்நேரம் ஒரு கெட்டதும் மிஞ்சியிருக்காது.

அப்போது அவர்கள் முன்னால் இருந்த பதின்மூன்று மெழுகுவர்த்திகளில் ஒன்று சாய்ந்தது. ஓர் இலை சுருண்டு சிவந்தது.

பொறியைக் கண்டால் முதலில் அணை, பிறகு யோசி என்று அதுவரை இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களுக்குச் சொன்னவன் நான். கைக்கு எட்டிய பாட்டிலை எடுத்து, வரிசை முழுக்க ஊற்றிவிட்டேன். பதின்மூன்றும் அணைந்தன. குழந்தை வீறிட்டது. அந்தத் தாய் எழும் புகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஜெசிந்தா குரலே உயர்த்தாமல் சொன்னாள்: "என்ன காரியம் பண்ணிட்டீக. வேளாங்கண்ணில ஒரு அம்மா பிள்ளைக்காக ஏத்துன திரிய எவனாச்சும் அணைச்சா, நீங்க சும்மா விட்டுருவீகளா?"

வெள்ளைக் கம்பளி அங்கி போட்ட கோயில் காவலர்கள் இருவர் தடியோடு வந்துவிட்டார்கள். மரியானோவிடம் என் தொழிலைச் சொல்லச் சொன்னேன். "வாணம் செய்கிறவர்" என்று அவர் சொன்னதும் காவலர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மந்திரம் சொல்லும் பெண் என் உள்ளங்கையை விரித்துப் பழைய தீத்தழும்பைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். மரியானோ மொழிபெயர்த்தார்: "அணைத்தவரே ஏற்றவேண்டும். எரிந்து முடியும்வரை அவரே காவல். தீக்குப் பயந்தவர்தான் நல்ல காவல்காரர்."

வெளியே ஓடி மெழுகுவர்த்தி வாங்கினேன், ஒன்று இரண்டு பெசோ. ஒரு கலர் எட்டு பெசோ. பதின்மூன்றையும் ஒட்டிய பிறகு சட்டைப்பையைத் தடவினேன். தீப்பெட்டி இல்லை. இருக்காது. கம்பெனி கேட்டில் தினமும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள், தீப்பெட்டியோடு வெளியே கிளம்புவதையே மறந்துபோனவன் நான்.

"சிவகாசிக்காரன்னு மட்டும் இங்கன யார்ட்டயும் சொல்லிராதீக" என்றாள் ஜெசிந்தா.

அந்தத் தாய்தான் எழுந்தாள். பக்கத்துக் குடும்பத்தின் சுடரில் ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றவைத்து என் கையில் கொடுத்தாள். அதைக்கொண்டு வரிசையை ஏற்றி முடித்தேன். பிறகு சம்மணம் போட்டு ஒரு மணி இருபது நிமிடம் காவல். இலையை ஒரு முழத்துக்குச் சுத்தமாக ஒதுக்கினேன். சாய்ந்ததை நிமிர்த்தினேன். இருபத்திரண்டு வருடத்தில் தீயை எரிய விடுவதற்காக நான் பார்த்த முதல் காவல் அதுதான். முடிவில் அவள் கலரைச் சின்னக் குவளையில் ஊற்றி, குழந்தைக்கு ஒரு மிடறு, மந்திரம் சொன்னவருக்கு ஒரு மிடறு, மூன்றாவது எனக்கு. குடித்தேன். ஏப்பம் தானாக வந்தது. என்னிடமிருந்தும் ஏதோ வெளியேறிய திருப்தியில் மந்திரக்காரப் பெண் தலையசைத்தார்.

அவர்கள் மொழியில் நன்றிக்குக் 'கோலாவல்' என்று மரியானோ சொல்லித்தந்தார். கண்டவர்களிடம் எல்லாம் சொன்னேன், தடி வைத்திருந்தவர்களிடம் இரண்டு தடவை. சொந்த ஊர்த் தெருவில் ஓரமாக ஒதுக்கப்பட்ட மக்கள், தங்கள் கோயிலில் தப்புச் செய்த அந்நியனை நடுவில் உட்காரவைத்து வேலை கொடுத்தார்கள். அதற்கு இந்த ஒரு சொல் போதாது.

நீங்கள் போவதாக இருந்தால் நவம்பர் நல்லது, மழை நின்றிருக்கும். கம்பளியும் குரங்குக் குல்லாவும் கட்டாயம். சில்லறைப் பெசோ வைத்துக்கொள்ளுங்கள். சாமுலாவுக்குள் மொழி தெரிந்தவர் இல்லாமல் போகாதீர்கள். ஒரு தீப்பெட்டி, முடிந்தால் நம்மூர்த் தீப்பெட்டி, பையில் இருக்கட்டும். முக்கியமாக, கடைசியில் ஒரு நாளை மிச்சம் வையுங்கள். நாங்கள் மறுநாளே கிளம்பியிருந்தால் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் இன்றுவரை எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

ஐந்தாம் நாள் காலை, டவுனில் பெரிய கோயில் வாசல் சந்தையில் அந்தத் தாய் நெய்த இடுப்புப் பட்டைகளை விரித்து உட்கார்ந்திருந்தாள். முதுகுத் துணியில் குழந்தை, கையில் சோளக்கதிர், அதைக் கடிப்பதில் முழுக் கவனம். ஜெசிந்தா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், குளிர்ந்திருந்தது. மருந்தா, மெழுகுவர்த்தியா, கலரா, எனக்குத் தெரியாது. கோலாவலைப் பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

அவள் என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே, பக்கத்தில் வைத்திருந்த கலர் பாட்டிலை எடுத்து என் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள்.