ஜவ்வரிசி என்று பங்கு வைக்கப்பட்ட பாலிமர்

இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கும் மனிதர், என் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பேனா எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார். அவர் ஹெங்க், எங்கள் ஆய்வகத்தின் தலைவர். நான் திரும்பிப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆனாலும் கையை நீட்டவில்லை. 'தாராளமாக' என்று நான் தட்டி அனுப்பிய பிறகுதான் எழுந்து வந்தார். நெதர்லாந்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. குளிர் பழகிவிட்டது, மத்தியானச் சாப்பாட்டுக்குக் காய்ந்த ரொட்டியும் சீஸும் பழகிவிட்டன. இந்தப் பேனா விவகாரம் மட்டும் பழகித் தொலைய மாட்டேன் என்கிறது.

நான் கோட்டையூர்க்காரன், அதுதான் காரணம். எங்கள் பக்கம் வெளிநாட்டிலிருந்து வந்தவன் கால் கழுவுவதற்குள் அவன் பெட்டி திறந்துவிடும். திறப்பது அவன் அல்ல. பக்கத்து வீட்டு ரஹீம் அண்ணன் சவூதியிலிருந்து வரும்போதும் இதே கதைதான்: சோப்பு இங்குட்டு, தைலம் அங்குட்டு, பேரீச்சம்பழம் தெருவுக்கு. பெட்டியைப் பிரிக்கும் உரிமை வீட்டுப் பெண்களுடையது. எந்தச் சொந்தத்துக்கு எவ்வளவு என்று அவர்களுக்குத்தான் கணக்குத் தெரியும், ஒரு வீட்டை விட்டுவிட்டால் அடுத்த கல்யாணம்வரை பேச்சு வரும். இது தெரிந்தும் இந்தத் தடவை அந்த பாட்டிலைச் சட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுபோனேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

பாட்டிலில் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பாலிமர்கள் எப்படி ஓடுகின்றன என்று பார்ப்பது என் பிழைப்பு. ஊரில் சொன்னால், "பிளாஸ்டிக் கம்பெனியா? குடமா, வாளியா?" என்பார்கள். பாலிமர் என்பது நீண்ட நீண்ட சங்கிலி மூலக்கூறுகள், ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். இடியாப்பச் சிக்கல் என்று நாம் சும்மா சொல்கிறோம், அதை நிஜமாகவே அளப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். தண்ணீரைக் கோல் விட்டுச் சுழற்றினால் நடுவில் குழி விழும். உருகிய பாலிமரைச் சுழற்றினால் அது கோலைக் கட்டிப்பிடித்து மேலே ஏறும். முதல் தடவை அதைப் பார்த்த அன்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன், இன்றும் எனக்கு அலுக்கவில்லை. சங்கிலிகளில் கிளைகள் வைத்து நானே ஒன்றைச் செய்திருந்தேன். சரியாக வருவதற்கு ஒரு வருடம் பிடித்தது. வெள்ளை வெளேரென்று சின்னச் சின்ன மணிகள், அறுபது டிகிரியில் உருகிவிடும். பார்த்தால் அசல் ஜவ்வரிசி.

காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பாலிமர் துறை தொடங்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்திருந்தேன். வந்து மாணவர்கள் முன் ஒரு செய்முறை காட்டுங்கள், பிறகு பேசலாம் என்றார்கள். அதற்குத்தான் பாட்டில். வீட்டில் மூச்சு விடவில்லை. அப்பா போனபிறகு அம்மா, "எப்படா வருவ?" என்று கேட்பதையே நிறுத்திவிட்டாள். ஆசை காட்டி அது நடக்காமல் போனால் அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது.

வந்த மறுநாள் காலையில் டவுன் பஸ் ஏறி முடிவெட்டப் போனேன். திரும்பி வந்தால், கிணற்றடியில் அம்மா என் பாட்டிலைச் சாம்பல் போட்டு விளக்கிக்கொண்டிருக்கிறாள்.

"நல்ல பாட்டிலுடா. கடுகு போட்டு வைக்கலாம்."

"உள்ள இருந்தது எங்கம்மா?"

"சாக்கோட்டை அயித்தைக்கும் கொத்தமங்கலத்துச் சின்னம்மாவுக்கும் உங்க அண்ணன்கிட்டக் குடுத்து விட்டாச்சு. நமக்கும் எடுத்து வச்சுருக்கேன். ஏன்டா, ஜவ்வரிசி இங்க கிடைக்காதுன்னா அங்கயிருந்து தூக்கிட்டு வந்த?"

நான் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து மதினியின் சத்தம். அண்ணன் மனைவி, எனக்குப் பாயசம் வைக்கிறேன் பேர்வழி என்று காலையிலேயே இறங்கியிருக்கிறார்கள்.

"தம்பி, என்ன ஜவ்வரிசி வாங்கியாந்தீக? கொதிதண்ணியில போட்டதும் கண்ணாடியா ஆயிருச்சு. வெந்துருச்சுன்னு கிண்டுனா, கரண்டியில ஏறுதே!"

போய்ப் பார்த்தேன். ஒரு வருட உழைப்பு கரண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாவகாசமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. தேங்காய்ப்பாலும் வெல்லமும் பக்கத்தில் தயாராக இருந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும், அடடா, என்ன அழகாக ஏறுகிறது என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நொடி கத்தினேன்.

"மதினி, அது பிளாஸ்டிக்!"

"ஆத்தாடி! பிளாஸ்டிக்க எதுக்குத் தம்பி திங்கிற சாமான் மாதிரி செய்றீக?"

நியாயமான கேள்வி. நான் அடுப்பை அணைத்தேன். கரண்டியோடு சேர்ந்து அது வெளுத்துக் கல்லாகிவிட்டது. தலையில் கை வைத்து உட்கார்ந்தவன் உளறிவிட்டேன். "இது இருந்தாத்தாம்மா இங்க எனக்கு வேலை கிடைக்கும். திங்கக்கிழமை காட்டணும்."

அம்மா சாம்பல் கையோடு நின்றாள். "இங்கன்னா?"

"காரைக்குடியில."

அம்மா கையைக் கழுவினாள், சேலையை மாற்றிக்கொண்டாள், "வண்டிய எடு" என்றாள்.

நீங்கள் எங்கள் பக்கத்துக்காரர் என்றால் இதன் கனம் புரியும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எங்கள் ஊரில் கையை நீட்டி அடிப்பதைவிட மோசம். அதுவும் நாத்தனார் வீட்டில். வழியெல்லாம் அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

சாக்கோட்டையில் என் அயித்தை, அப்பாவின் அக்கா, வாசலிலேயே, "வாங்க, வாங்க" என்று முகமெல்லாம் மலர வரவேற்றது. விஷயத்தைச் சொன்னதும் மலர்ந்த முகம் அப்படியே நின்றது.

"குடுத்ததத் திருப்பிக் கேக்க வந்தியாக்கும்? எங்கயாச்சும் உண்டுமா இது?"

"உண்டோ இல்லயோ, எம் மகனத் திருப்பிக் கேக்குறேன்னு வச்சுக்கங்க" என்றாள் அம்மா.

அயித்தை என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு உள்ளே போய்ப் பொட்டலத்தைக் கொண்டுவந்து அம்மா கையில் வைத்தது. இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான், ஹெல்மெட் போட்டிருந்ததால் தப்பித்தேன். கொத்தமங்கலத்தில் சின்னம்மா அதை வடகத்துக்கு ஊறப்போட்டுவிட்டு, "என்னக்கா, எவ்வளவு ஊறியும் உப்பவே மாட்டேங்குது" என்று கவலையாக உட்கார்ந்திருந்தார்கள். அங்கே சிரித்துக்கொண்டே வடிகட்டி வாங்கிவிட்டோம்.

வீட்டில் வந்து பொட்டலத்தைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. வந்த பொருளை வந்த மாதிரியே திருப்பித் தரக்கூடாது என்று அயித்தை தன் பங்குக்கு ஒரு பிடி நிஜ ஜவ்வரிசியை அதில் கலந்து விட்டிருந்தது! நானும் அம்மாவும் மதினியும் முறத்தைச் சுற்றி உட்கார்ந்து பொறுக்கினோம். எது அரிசி, எது ஆராய்ச்சி என்று பல்லில் கடித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

செய்முறை நன்றாக நடந்தது. கோல் சுழன்று பாலிமர் ஏறியபோது பின்வரிசைப் பையன்கள் பெஞ்சு மேல் ஏறி நின்றார்கள். ஒரு பெண், "சார், கோல நிறுத்துனா இறங்கிருமா?" என்று கேட்டாள். இறங்கும், ஆனால் உடனே இறங்காது, சிக்கல் அவிழ நேரம் எடுக்கும் என்றேன். முதல்வருக்குத் திருப்தி. அனுமதி வர வேண்டும், அடுத்த கல்வியாண்டில் சொல்கிறோம் என்றார். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. ஆனாலும் அடுத்த கல்வியாண்டு என்பது கையில் பிடிக்கிற பொருள் இல்லையே.

கிளம்புகிற அன்று பெட்டியை அம்மாதான் அடுக்கினாள். பருப்புப்பொடி, சீப்புச்சீடை, நார்த்தங்காய், எல்லாவற்றுக்கும் நடுவே பாட்டில். எடுத்துப் பார்த்தேன், பாதிதான் இருந்தது.

"மீதி எங்கம்மா?"

"நமக்குன்னு எடுத்து வச்சேன்னு அன்னைக்கே சொன்னேன்ல. அது இருக்கு."

"அது எனக்கு வேணுமே."

"வேணும்னா வந்து எடுத்துக்க. பார்சல்ல எல்லாம் அனுப்ப மாட்டேன்" என்று பெட்டியை மூடிவிட்டாள். முகத்தில் சிரிப்பு இருந்தது, குரலில் இல்லை.

ஆய்வகத்தில் ஹெங்க் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மீதி எங்கே என்றார். வீட்டில் இருக்கிறது என்றேன். சரி, நாளைக்கு வரும்போது கொண்டு வாருங்கள் என்றார். இல்லை, அம்மாவிடம் இருக்கிறது என்றதும் முகம் தீவிரமாகிவிட்டது. "அவர் எந்த வெப்பநிலையில் பாதுகாக்கிறார்?" என்று கேட்டார். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலிலும் உருகாது என்று சொல்லிவைத்தேன். பெரிய இயந்திரத்தில் போட இந்தப் பாதி போதாது, புதிதாகச் செய்துவிடுங்கள் என்றார். செய்யலாம். பக்குவம் இப்போது கைவந்துவிட்டது, மூன்று வாரம் போதும்.

வந்து இரண்டு மாதமாகிறது. குடுவைகளைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை.