கல்லில் ஆறாவது பெயர்

காலை 5.40க்கு எங்கள் ஊர் மார்டள்ளியில், மைசூர் போகப் பஸ் ஏறினேன். மைசூர் எனக்குப் புதிதல்ல. என் ஜல்லி லாரிகள் பார்க்காத தெரு அங்கே இல்லை. கல் உடைக்கும் கூலியாகத் தொடங்கி மூன்று குவாரிகளுக்கு முதலாளி ஆனவன் நான். எந்த ஆபீசரிடமும் பயந்ததில்லை. அன்று டிக்கெட் வாங்கியபோது மீதிச் சில்லறையை வாங்கவே மறந்துவிட்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களுக்கு மாதா கோவில் முன்னால் நினைவுக் கல் வைக்க முடிவானது. செலவு முழுதும் என்னுடையது. ஊர் வாலிபர்கள் முன்னாள் படைவீரர் ஆபீசில் கேட்டு வாங்கிவந்த பட்டியலில் ஒன்பது பேர். ஆறாவது பெயர் சின்னப்பன். பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் என்னுடையது. நான் இருபது வருஷம் வெளியூர்க் குவாரிகளில் இருந்தவன். அவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

"பெரியப்பா, மிலிட்டரில இருந்தத சொல்லவே இல்லீங்களே" என்று மாலையோடு வந்துவிட்டார்கள். சவரிமுத்து பெயர் அதில் இல்லை. "அந்தாளு சும்மா கத உட்டிருக்காரு" என்று சிரித்தார்கள்.

சவரிமுத்து என் கூட்டாளி. எல்லைப் பனியில் இரண்டு கால்விரல்களை விட்டுவிட்டு வந்தவன். பட்டாளத்தில் சேரப் போனபோது அவனிடம் பள்ளிச் சான்று இல்லை. எங்கள் தெருவில் ஐந்தாவது தேறியவன் நான் ஒருவன்தான். கல் உடைக்க எதற்குச் சான்று என்று என்னுடையதைக் கொடுத்தேன். பதினேழு வருஷம் அவன் என் பெயரில் சல்யூட் அடித்தான். பிறகு மைசூரிலேயே தங்கி, அங்கேயே செத்தான். அந்தப் பெயரில் வரும் பென்ஷனில்தான் அவன் மனைவி ஆரோக்கியமேரி சாப்பிடுகிறாள். நான் உண்மையைச் சொன்னால் அவள் சோறு போகும். சொல்லாவிட்டால் அவன் மானம் போகும். அவளிடமே கேட்கத்தான் மைசூர் கிளம்பினேன்.

கொள்ளேகாலத்தில் வண்டி மாறினேன். மைசூருக்கு இன்னும் அறுபது கிலோமீட்டருக்கு மேல். நரசீபுரத்தில் ஒரு போலீஸ்காரர் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டியல் இருந்த சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டேன். அவர் என்னையே பார்த்தார்.

"யஜமான்ரே, நெஞ்சு நோவுதா? மைசூருல எறங்கின ஒடனே டாக்டருக்குக் காட்டுங்க."

"இல்ல சார்" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மணி 10.15. தேவராஜ மொஹல்லாவுக்கு ஆட்டோ அறுபது ரூபாய் கேட்டான். பேரம் பேசாமல் ஏறினேன். பூக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி அறை. சுவரில் சீருடையில் சவரிமுத்து. படத்துக்குக் கீழே என் பெயர். அதற்கு மாலை போட்டு விளக்கு ஏற்றியிருந்தது. வாசலிலேயே நின்றேன்.

"வாங்கண்ணா. ரெக்கார்டுல வூட்டுக்காரரு, வாசல்ல நிக்கலாமா?" என்றாள் ஆரோக்கியமேரி.

சிரிக்கும் நிலையில் நான் இல்லை. பட்டியலைக் காட்டி எல்லாம் சொன்னேன். பசங்கள் சிரித்ததையும் சொன்னேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"யாராச்சும் விசாரிக்க வருவாங்களாண்ணா?"

"தெரியலம்மா."

"இத்தன வருசம் குடுத்தத திருப்பிக் கேப்பாங்களா?"

"அதுவும் தெரியல."

"வருசா வருசம் உசுரோட இருக்கறேன்னு எழுதிக் குடுக்கப் போறப்ப, நான் யாரு பொண்டாட்டின்னு ஆபீசு படியிலயே நின்னு ஒருக்காச் சொல்லிப் பாத்துக்குவேன். வாய் தவறி அவரு நெசப் பேரு வந்துருச்சுன்னா?"

"கல்லே வேண்டாம். நிறுத்திடறேன்."

"மத்த எட்டுப் பேரு என்னங்க பாவம் பண்ணுனாங்க?"

படத்தின் முன்னால் இருந்த விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். பிறகு சொன்னாள்: "நான் கண்ண மூடற வரைக்கும் அந்த ஆறாவது ஆளு நீங்கதான். அப்பறம் ஊரு பூராச் சொல்லுங்க. பேசறதுக்கு உங்களுக்குச் சொல்லியா குடுக்கோணும்?"

மதியம் 1.20. கல்லில் எழுத்து வெட்டும் கடைக்காரர் பட்டியலை வாய்விட்டுப் படித்தார்.

"ஆறு, சின்னப்பன். செரியா நோடி, பாத்துக்கங்க. இவங்கெல்லாம் போயிட்டாங்களா?"

"ஆறாவது ஆள் போயிட்டார்" என்றேன். என் பெயரை அவர் சாக்பீஸால் கல்லில் எழுதினார். வெட்டுவதைப் பார்க்க நிற்கவில்லை.

கல் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. எந்த ரெஜிமெண்ட் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று, கொடியேற்றும் நாளில் ஊரில் இருப்பதில்லை. எதற்கும் முதல் ஆளாக மேடை ஏறுகிறவன் நான்.

ஆரோக்கியமேரி இந்தத் தவக்காலத்தில் இறந்துபோனாள். வழக்கு வருமோ என்ற பயம் இதை எழுதும்போதும் இருக்கிறது. வந்தால், சான்றைக் கொடுத்தவன் நான்தான். மார்டள்ளிக்கு வருகிறவர்கள் ஆறாவது பெயரைச் சவரிமுத்து என்று படிக்கவும்.