கோதுமைத் தண்டில் ஓட்டை விழுந்த நாள்

நான் பயந்த சுபாவம். ஒளித்தும் பலனில்லை, முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. நாயைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கத்தால் போகிறவன். அப்படிப்பட்ட என்னை நம்பி ஒரு மனிதர் பதினான்கு மாடுகளையும் ஒரு வயல் கோதுமையையும் விட்டுவிட்டு நெஞ்சு ஒப்பரேசனுக்குப் போனார்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, சரியாக ஞாபகமில்லை. அப்போது நாங்கள் நோர்வேயில், வெஸ்ட்லி என்ற இடத்தில் ஏழாம் மாடியில் இருந்தோம். மலைக்கு அந்தப் பக்கம், காரில் இருபது நிமிடத்தில் அந்த மனிதரின் பண்ணை. பள்ளிக்கூடம் கூட்டித் துடைக்கிற வேலை இல்லாமல் போனதும், வேலை தேடித் தருகிறவர்கள் என்னை அங்கே அனுப்பினார்கள். இலங்கையிலிருந்து வந்தவனுக்கு மாடு தெரியாமலா இருக்கும் என்று பண்ணைக்காரர் தானாகவே முடிவு கட்டிவிட்டார். நான் யாழ்ப்பாணம் ரவுணில் சைக்கிள் கடைக்கு மேலே வளர்ந்தவன். பால் போத்தலில் வரும் என்பதுதான் என்னுடைய மாட்டு அறிவு. வேலை வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெஸ்ட்லிக் கூட்டாளிகள் என்னை மாட்டு டொக்டர் என்று பகிடி பண்ணினார்கள்.

அந்த முறை குளிர்காலம் இழுத்துக்கொண்டே போனது. வெள்ளைப் பிளாஸ்டிக்கில் சுற்றிவைத்த பெரிய புல் உருளைகளில் மூன்றுதான் மிச்சம். அங்கத்தைய ஆட்கள் அவற்றை ட்ராக்டர் முட்டை என்பார்கள். மேய்ச்சல் நிலத்தில் புல் விரல் நீளம்கூட வரவில்லை. முந்தின செப்டம்பரில் விதைத்து, பனிக்குக் கீழே கிடந்து எழும்பின கோதுமை மட்டும்தான் பச்சையாக நின்றது. வேறு வழியில்லாமல், இன்னும் கன்று போடாத நாகுகள் பதினான்கையும் அவர் அதற்குள் விட்டார்.

கோதுமை சின்னதாக இருக்கும்வரை மாடு மேய்ந்தாலும் திரும்பத் தளிர்க்கும். ஆனால் ஒரு கட்டத்தில் தண்டு நிலத்தை விட்டு எழும்பத் தொடங்கும். அப்போது தண்டின் உள்ளே ஓட்டை விழும், ஓட்டைக்கு மேலே ஊசிமுனை அளவில் கதிர் உருவாகியிருக்கும். அதற்குப் பிறகு மாடு கடித்தால் கதிரும் சேர்ந்து போய்விடும், ஓகஸ்டில் அறுக்க ஒன்றும் இராது. ஆஸ்பத்திரிக்குப் போக முதல் அவர் ஒரு தண்டைப் பிடுங்கி, கத்தியால் நெடுக்கப் பிளந்து எனக்குக் காட்டினார். உள்ளே அடைபட்டுத்தான் இருந்தது. ஓட்டை தெரியத் தொடங்கின உடனே மாடுகளை வெளியே எடு என்றார். முந்தி எடுத்தால் தீனி காணாது, பிந்தி எடுத்தால் கோதுமை இல்லை. ஏதும் கேட்பதென்றால் என் மனைவிக்குப் போன் பண்ணு, எனக்குக் கவலை கொடுக்கக்கூடாதாம் என்று சொல்லிச் சிரித்தார். இந்த நாட்டு மொழியில் நீங்கள் என்று யாரும் யாரையும் சொல்வதில்லை, எல்லாரும் நீதான். என் மனதுக்குள் மட்டும் அவர் எப்போதும் நீங்கள்.

அடுத்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் போய் பத்துத் தண்டு பிளந்து பார்ப்பேன். ஓட்டை போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும். கத்தி கோணலாகப் போய் தண்டு நசிந்துவிடும். ஒப்பரேசனுக்கு முதல் நாள், பிடுங்கினவற்றைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, குசினி மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தேன். மனைவி கறிச்சட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்து, தையல் ஊசியை உள்ளே விட்டாள். ஊசி தடையில்லாமல் போனது.

“இஞ்சை பாருங்கோப்பா, ஓட்டை இருக்குதெல்லே.”

அது ஊசி போட்ட ஓட்டை என்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

“உங்களுக்குக் கண் தெரியாமலில்லை. பயம்.”

உண்மைதான். ஓட்டை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் அடுத்த நிமிடமே முடிவெடுக்க வேண்டும். மூன்று உருளை பதினான்கு மாட்டுக்கு ஒரு கிழமைக்குத்தான் காணும். அதற்குள் புல் வளராவிட்டால் மாடுகள் பட்டினி. எடுக்காவிட்டால் கோதுமை போய்விடும். இரண்டில் எது நடந்தாலும் நெஞ்சு கிழித்துத் தைத்த மனிதரின் கட்டிலுக்கு முன்னால் நின்று நான்தான் சொல்ல வேண்டும். கேட்ட உடனே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அன்றைக்கு நான் புரண்டு புரண்டு படுத்தேன்.

மறுநாள் பின்னேரம், வயல் கரையில் நின்றுகொண்டு அவருடைய மனைவிக்குப் போன் எடுத்தேன். அந்த மனுசி நோர்வேயின் வடக்குப் பக்கத்துக்காரி. நகரத்தில் வேலை, நான் வருமுன்னம் போய்விடுவார், ஆகவே அதிகம் கதைத்ததில்லை. சொல்லப்போனால் இங்கே வந்த ஆறு வருடத்தில் நோர்வேக்காரர் என்னோடு நின்று கதைத்தது குறைவு. நான் பதற்றத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டேன். ஒப்பரேசன் முடிந்ததா, அவர் எப்படி, தண்டில் ஓட்டை விழுந்துவிட்டது, மாடுகளை எடுக்கட்டா?

மறுபக்கத்தில், ஹ் என்று மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். அவ்வளவுதான். போன் நின்றுவிட்டது. திரும்ப எடுத்தேன், வேலை செய்யவில்லை.

எங்கள் ஆட்கள் அந்தச் சத்தத்தைச் சாவுச் செய்தியில்தான் போடுவார்கள். மனிதர் போய்விட்டார் என்று முடிவு கட்டினேன். வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாடுகள் தங்கள்பாட்டில் கோதுமையைக் கடித்துக்கொண்டு நின்றன. அந்தக் கறுக் கறுக் என்ற சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. இனிக் கேட்க ஒருவரும் இல்லை. கேட்க ஆள் இருந்தவரைக்கும் நான் முடிவெடுக்காமல் தப்பிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

தீவன வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். நாகுகள் என்றாலும் ஒவ்வொன்றும் என்னைவிட நாலு மடங்கு பாரம். வாளியைக் கிலுக்கினேன். முதலில் ஒன்று வந்தது, பிறகு எல்லாம் ஓடி வந்தன. நான் முன்னால் ஓட, பதினான்கும் பின்னால் ஓடி வர, மிதிபட்டுச் சாகப்போகிறேன் என்று நினைத்தபடியே தொழுவத்துக்குள் புகுந்து ஏணியில் ஏறிவிட்டேன். எல்லாம் உள்ளே வந்தன. இறங்கிப் போய்க் கதவைச் சாத்தினேன். வியர்வையா கண்ணீரா என்று தெரியாமல் முகம் முழுக்க ஈரம்.

இரண்டு மணித்தியாலம் கழித்து மனுசியின் கார் வந்தது. நான் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போய், மொழி வகுப்பில் படித்த இரங்கல் சொல்லைச் சொன்னேன். அவர் முழித்தார். யார் செத்தது என்று கேட்டார். நான் போனில் கேட்ட மூச்சைச் செய்து காட்டினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பிறகு என்னுடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். அவருடைய ஊரில் ஆமென்று ஓம் சொல்வது அப்படித்தானாம். நாங்கள் வெளியே விடுகிற ஓமை அவர்கள் உள்ளே இழுக்கிறார்கள். ஒப்பரேசன் முடிந்ததா என்ற கேள்விக்கு ஓம். வார்டுக்குள் போவதற்காகப் போனை நிற்பாட்டிவிட்டார். மாடுகளைப் பற்றிக் கேட்டேனே என்றேன். அது தன் காதில் விழவேயில்லை என்றார்.

அப்படியானால் மாடுகளை எடு என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவர் உயிரோடு இருக்கிற சந்தோசம் ஒருபக்கம். மறுபக்கம், இப்போது அவரே எழும்பி வந்து ஏன் எடுத்தாய் என்று கேட்கப்போகிறாரே என்ற நடுக்கம். அந்தக் கிழமை முழுக்க நாளுக்கு இரண்டு தரம் மேய்ச்சல் நிலத்தில் குந்தியிருந்து புல்லை விரலால் அளந்தேன். மூன்றாவது உருளை பாதியாகும்போது மழை பெய்து வெயில் அடித்தது. புல் எழும்பியது.

அவர் வீட்டுக்கு வந்தபிறகும் நான் வயலைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஜூன் கடைசியில், மெல்ல மெல்ல நடந்து வரப்புக்கு வந்தார். கதிர்கள் வெளியே வந்து நின்றன. ஒரு மூலையில் மட்டும் மொட்டை. அதைக் காட்டி, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் வயல் முழுக்க இப்படித்தான் என்றார். பிறகு, யாரைக் கேட்டு அன்றைக்கு எடுத்தாய் என்று கேட்டார். மனுசி ஒன்றும் சொல்லவில்லை போல.

எனக்குப் பொய் வரவில்லை.

“நீங்கள் செத்துப்போனீங்கள் எண்டு நினைச்சன். அதாலை எடுத்தனான்.”

நோர்வே மொழியில்தான் சொன்னேன். அவர் ஒரு கதிரைக் கையால் தடவிப் பார்த்தார். அப்படியானால் நான் அன்றைக்குச் செத்தது நல்லதாய்ப் போச்சு என்று சொல்லி, தைத்த நெஞ்சைக் கையால் அமத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனிமேல் சாவுக் கதை கதைக்கக்கூடாது என்று சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் அவருக்குப் போட்ட முதல் உத்தரவு அது.