மொட்டை மாடியில் ஆன்டெனா பிடித்த ராத்திரி

பேய் பிசாசுன்னு யாராவது பேச ஆரம்பிச்சா நான் எழுந்து போயிடுவேன். நம்பிக்கை கிடையாது, அவ்வளவுதான். பயப்படறதுக்கு எனக்கு வேற விஷயம் நிறைய இருந்துச்சு. பூட்டைப் பூட்டிட்டு மூணு தடவை இழுத்துப் பார்க்கிறவன் நான். ஸ்டவ்வை அணைச்சோமான்னு சந்தேகம் வந்து பாதி வழியில இருந்து திரும்பியிருக்கேன். நாலு நாள் இருமல் வந்தா காசநோய்தான்னு முடிவு பண்ணிடுவேன். இதுக்கு நடுவுல இல்லாத பேய்க்கு எங்க போய்ப் பயப்படறது? அதனால நான் கதை கட்டறேன்னு நீங்க நினைச்சா நினைச்சுக்கோங்க. ஏழாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவன், அந்தத் திறமையெல்லாம் எனக்கு இல்லை.

எண்பதுகள்ல, கொச்சிக்கு டிவி வந்து கொஞ்ச காலம் ஆன சமயம். நான் தென்காசிப் பக்கத்துல இருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து, யூதருங்க தெருவான ஜூ டவுன்ல ஒரு மிளகு கோடவுன்ல சாக்கு தைச்சுக்கிட்டிருந்தேன். தங்கினது சுகுமாரன் சேட்டன் வீட்டு மொட்டை மாடியில, தகரம் போட்ட ஒத்தை ரூம். கீழே சேட்டன், அவர் மனைவி சரளா சேச்சி, ரெண்டு பிள்ளைங்க. மலையாளிங்க, நல்ல மனுஷங்க, குறை சொல்ல முடியாது. ஆனா எனக்கு வெளிப்பக்கமா தனிப் படி. அதனால வீட்டுக்குள்ள கால் வைக்கிற வேலையே வராது. சாயங்காலம் படியேறினா மறுநாள் காலையில சாயாக்கடையில போய்தான் வாயைத் திறப்பேன். சில நாள் என் குரல் எனக்கே மறந்துபோன மாதிரி இருக்கும், சும்மா இருமிப் பார்த்துக்குவேன்.

அந்தத் தெருவுக்கே சேட்டன் வீட்டுல மட்டும்தான் டிவி. ஆன்டெனா என் ரூமுக்குப் பக்கத்துல, ஒரு நீளமான இரும்புக் குழாயில. குழாயைப் பிடிச்சிருந்த கிளாம்பு லூஸ். காத்து அடிச்சா ஆன்டெனா திரும்பிடும், கீழே படம் ஆடும். யாராவது மேல நின்னு திருப்பணும். மேல இருக்கிறது நான். யாரும் என்னைக் கேட்கலை, நானும் சொல்லலை, அது எப்படியோ என் வேலை ஆயிடுச்சு. கீழே இருந்து சேச்சி கத்துவாங்க, "முருகேசா, குறச்சு திரிக்கெடா!" கொஞ்சம் திருப்புன்னு அர்த்தம். நான் திருப்பி, "வந்தோ சேச்சி?"ம்பேன். "இல்லா... இல்லா... ஆ, வந்து! அங்ஙனெ நில்லு!" அப்புறம் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது, எல்லாரும் படத்துல மூழ்கிடுவாங்க. நான் அங்ஙனெ, அப்படியே, நிப்பேன்.

அப்ப ஒரு பேய் சீரியல் வந்துக்கிட்டிருந்தது, ஹிந்தியில, வாரத்துக்கு ஒரு நாள், ராத்திரி நியூஸ் முடிஞ்சதும். பாஷை தெரியாம தெருவே வந்து உட்காரும். ஒரு பெரிய பங்களா, அதுல பூட்டிக் கிடக்கிற ஒரு அறை, உள்ளே இருந்து யாரோ தட்டிக்கிட்டே இருக்காங்க, இதுதான் கதை. ஒரு வாரம் பூட்டை உடைச்சு, கதவைத் தள்ளற இடத்துல நிறுத்திட்டான். அன்னிக்கு கீழே எழுந்த அலறல் இருக்கே, நான் குழாயைப் பிடிச்சபடி அதைத்தான் கேட்டேன், படத்தைப் பார்க்கலை.

அடுத்த வாரம் பூரா மட்டாஞ்சேரியில அதுதான் பேச்சு. சாயாக்கடையில உள்ளே இருக்கிறது யாருன்னு சண்டை. சேட்டனோட பிள்ளைங்க தனியா கக்கூஸ் போக மாட்டேன்னு அழுதுங்க. கோடவுன்ல வறீதுன்னு ஒருத்தன், என்கூட சாக்கு தைக்கிறவன், "எடா முருகேசா, அந்த முதல் பாரியாளாத்தான் இருக்கும், கொன்னு உள்ளே வச்சிருக்கான்"னான். நானும் பார்த்தவன் மாதிரி, "இல்லெடா, அவ முழியே சரியில்லை"ன்னேன். யார் முழின்னு எனக்கே தெரியாது. "நீ வீட்டுக்குள்ள உட்கார்ந்து பார்க்கிற பாக்கியவான்"னான் வறீது. நான் ஊசியில நூல் கோக்கிற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

அன்னிக்குத்தான் சேச்சிகிட்ட கேட்டுடணும்னு தோணுச்சு. கேட்க நாலு நாள் ஆச்சு. என்ன நினைப்பாங்களோ, ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்களோன்னு பயம். கடைசியா கிணத்தடியில வச்சு, "சேச்சி, இந்த வாரம் நானும் கீழே வந்து பார்க்கட்டுமா?"ன்னேன்.

"அதுக்கென்னடா இத்தனை நாணம்? படம் நேரே ஆனா நான் விளிக்கும், ஓடி வா. உனக்கு ஒரு ஸ்டூல் போட்டு வைக்காம்."

நம்புங்க, சீரியல் அன்னிக்கு நான் வேலையில இருந்து வந்து குளிச்சு, மிளகு வாடை போக ரெண்டு தடவை சோப்பு போட்டு, துவைச்ச சட்டை மாட்டிக்கிட்டேன். ஒரு ஸ்டூலுக்கு.

ஆனி மாச மழை, பிடிச்சதுன்னா விடாது. நியூஸ் முடியறப்ப காத்தும் சேர்ந்துக்கிச்சு. சேச்சி கூப்பிட்டாங்க, "முருகேசா, திரிக்கெடா!" துவைச்ச சட்டையோட ஓடிப்போய் குழாயைப் பிடிச்சேன். இரும்புக் குழாய், மழை, மின்னல் வேற. அன்னிக்கு செத்துடுவேன்னு உறுதியா நினைச்சேன். மின்னலைப் பார்க்காம இருந்தா அது நம்மைப் பார்க்காதுங்கிற மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். "வந்தோ?"ன்னேன். "இல்லா!" கொஞ்சம் திருப்பினேன். "வந்து! அங்ஙனெ நில்லு!"

ஸ்டூல் இருக்குன்னு கூப்பிடுவாங்கன்னு நின்னேன். கையை எடுத்தா காத்துல குழாய் திரும்புது. எப்படிப் போறது? கீழே பிள்ளைங்க வீல்னு கத்துது. சேச்சி "என்டெ தெய்வமே"ங்கறாங்க. யாரோ சிரிக்கிறாங்க. அப்புறம் சத்தமே இல்லை. மறுபடி பெரிய அலறல், நாற்காலி உருள்ற சத்தம். கதவைத் திறந்துட்டான் போலன்னு நினைச்சேன். தெருவே அங்க இருக்கு, நான் இங்க இருக்கேன், நடுவுல ஒரு தளம்தான். 

அந்த நேரத்துல கீழே இருந்து ஒரு பொம்பளைக் குரல், கத்தலை, பக்கத்து அறையில இருந்து கேட்கிற மாதிரி சாதாரணமா, "நனையறியா?"ன்னுச்சு.

நான் பாட்டுக்கு, "இல்லை, பரவாயில்லை"ன்னேன்.

"இன்னும் கொஞ்ச நேரம்தான்."

எத்தனையோ மாசமா அந்தக் குழாயைப் பிடிச்சிருக்கேன், ஒரு மனுஷர் கேட்டதில்லை அந்தக் கேள்வியை. மழையில எது கண்ணீர் எது தண்ணின்னு தெரியாம நின்னேன். மின்னல் பயம்கூட போயிடுச்சு.

கூப்பிடவே இல்லை. சத்தமெல்லாம் அடங்கி ரொம்ப நேரம் கழிச்சு, நானா இறங்கிப் போனேன். முன்னறை இருட்டு. டிவி மேல பூப்போட்ட துணி போர்த்தியிருக்கு. ஸ்டூல் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி மூலையில. அடுக்களையில மட்டும் லைட், சேச்சி பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்தாங்க. என்னைப் பார்த்ததும் கையில இருந்த கிண்ணத்தைப் போட்டுட்டாங்க.

"அய்யோ, நீ இது வரைக்கும் மேலயா நின்னே? டிவி அப்போழே போயல்லோடா! தொடங்கி அஞ்சு நிமிஷம் ஆகலை, பின்னாடி புகை வந்து சேட்டன் பிளக்கைப் பிடுங்கியாச்சு. எல்லாரும் டாக்டர் வீட்டுக்குப் பார்க்கப் போயி. பிள்ளைங்களும் அவர்கூடப் போயி. நான் உன்னை மறந்துபோயி, க்ஷமிக்கெடா."

டாக்டர் வீட்டுலயும் டிவி உண்டு, ஆனா அது சந்தைக்கு அந்தப் பக்கம். அங்க கத்தினா இங்க கேட்காது, அதுவும் அந்த மழையில.

"நீங்க என்னைக் கேட்டீங்களா சேச்சி, நனையறியான்னு?"

"நானா? இந்தப் பாத்திரத்தோட ஒத்தைக்கு நிக்கறேன். ஏன்?"

ஒண்ணுமில்லைன்னுட்டேன். மேல போய் துவட்டும்போதுதான் ஒண்ணு உறைச்சது. அந்தக் குரல் பேசினது தமிழ். நல்ல எங்க ஊர்த் தமிழ். சேச்சி பேசற அரைத் தமிழ் இல்லை, அந்த வீட்டுல என்னைத் தவிர யாருக்கும் அது வராது. அம்மா குரல்னு சொல்லிடலாம்னா, அதுவும் இல்லை. எங்க அம்மா அவ்வளவு மெதுவாப் பேசினவ இல்லை. காய்ச்சலோ, மனப்பிரமையோ, எல்லாம் யோசிச்சாச்சு. நெத்தியில கைவச்சுப் பார்த்தேன், சில்லுன்னு இருந்துச்சு.

மறுநாள் வறீதுகிட்ட, தெரியாதவன் மாதிரி, "கடைசியில உள்ளே யாருடா?"ன்னேன். அவன் சலிச்சுக்கிட்டான். "நீ பார்க்கலையோ? உள்ளே ஆருமில்லெடா, காலி அறை. அதுக்குத்தான் எல்லாரும் அலறியது."

அடுத்த வாரத்துக்குள்ள டிவி ரிப்பேர் ஆகி வந்துச்சு. சேச்சிக்கு என்னை மறந்தது மனசுல உறுத்தியிருக்கணும். சேட்டனை மாடிக்கு அனுப்பி, ஆன்டெனாக் குழாயைக் கம்பி சுத்தி இறுக்கிக் கட்ட வச்சாங்க. "இனி இவன் மேல நிக்கண்டா." சீரியல் அன்னிக்கு எனக்கு ஸ்டூல், டிவிக்கு நேர் எதிர்ல. கையில ஒரு கிளாஸ் சாயா கூடக் கொடுத்தாங்க. சேட்டனோட சின்னப் பையன் பயத்துல என் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டான். இதுக்குத்தானே ஆசைப்பட்டேன்.

பாதியில காத்தும் மழையும். படம் சாஞ்சு, கோடு கோடா ஓட ஆரம்பிச்சது. கட்டின கம்பி அவிழ்ந்திருக்கும்போல. சேச்சி டிவியை விட்டுக் கண்ணை எடுக்காம, பழக்க தோஷத்துல, கூரையைப் பார்த்து ஒரு கத்து கத்தினாங்க, "முருகேசா, குறச்சு திரிக்கெடா!"

படம் மெதுவா ஒரு பக்கமா நகர்ந்துச்சு. நின்னுச்சு. நேரா ஆச்சு.

"ஆ, வந்து! அங்ஙனெ நில்லு!"ன்னாங்க சேச்சி. சொல்லிட்டு, வாயைத் திறந்தபடியே திரும்பி என்னைப் பார்த்தாங்க. சேட்டன் பார்த்தார். அறையில இருந்த அத்தனை பேரும் பார்த்தாங்க. டிவியில யாரோ அலறினதை ஒருத்தரும் கவனிக்கலை.

"காத்து தன்னே திருப்பியிருக்கும்"னு சேட்டன் சொன்னார்.  சீரியல் முடியற வரைக்கும் படம் ஒரு தடவைகூட ஆடலை, வெளியே அவ்வளவு காத்துல.

விடிஞ்சு போய்ப் பார்த்தேன். சேட்டன் சுத்தின கம்பி அவிழ்ந்துதான் கிடந்துச்சு. ஆனா காத்து அவிழ்த்த மாதிரி இல்லை. வட்டமாச் சுருட்டி, என் ரூம் வாசல்ல வச்சிருந்துச்சு. ஒரு மாசத்துல ரூமைக் காலி பண்ணிட்டேன். காரணம் யார்கிட்டயும் சொல்லலை, இப்ப உங்ககிட்டதான் சொல்றேன்.

பயமா இருந்துச்சான்னு கேட்டா, இருந்துச்சு. ஆனா இன்னிக்கும் மழை பெய்யறப்ப என்னைத் தூங்க விடாதது அது இல்லை. அன்னிக்கு நான் ஸ்டூல்ல உட்கார்ந்து, சாயாவைக் குடிச்சுக்கிட்டு, மேல நிக்கிறது அந்தக் குரல்காரிதான்னு தெரிஞ்சும், வாயைத் திறக்காம இருந்துட்டேன். நனையறியான்னு ஒரு வார்த்தை கேட்கலை.