மெருகேறிய ஆறு வில்லைகள்

என் மனைவியின் தங்கைக்கு வீட்டில் ஊமைக்கோட்டான் என்று பெயர். எலும்பு ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவப் போனவள், பதினான்கு வருடத்தில் ஸ்டெம் செல் வளர்க்கும் பொறுப்புக்கு உயர்ந்தாள். அவளை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத எனக்குச் சொந்தமாக மூன்று லேத்து ஓடுகிறது. என் பட்டறைச் சாமானில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

ஸ்டெம் செல் என்பது எதுவாக ஆவதென்று இன்னும் முடிவு பண்ணாத உயிரணு. சொரசொரப்பான டைட்டானிய வில்லையில் அதை ஒட்டவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவு அதிரவைத்துக்கொண்டே இருந்தால் எலும்பாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. வில்லை, அதிர்வு மேடை இரண்டும் என் கைவேலை.

ஆய்வுக்கூடத்தில் அமிலத்தில் ஊறிய பன்னிரண்டு வில்லைகள், விளிம்பில் பிசிறு எடுக்க என்னிடம் வந்தன. மேல்பக்கமெல்லாம் மங்கிக் கிடந்தது. என் பட்டறையிலிருந்து இப்படியா வெளியே போவது? மெருகுச் சக்கரத்தில் காட்டினேன். ஆறு முடிந்ததுமே ஆய்வுக்கூடத்து ஆள் வந்து எல்லாவற்றையும் வாங்கிப் போய்விட்டான்.

பத்து நாள் கழித்துச் சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "இந்தத் தடவை எலும்பு வரலைன்னா ஆராய்ச்சிய மூடிடுவாங்க அத்தான். எனக்குப் பழையபடி பாட்டில்தான்."

"என் வில்லை இருக்கறப்ப என்ன பயம்?"

"அதுல இருக்கற குழியிலதான் செல்லு காலூனும். வழவழன்னு இருந்தா எலும்பாவாது."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனேன்.

வில்லைகளில் செல்லை ஒட்டவிட்ட இருபத்தோராம் நாள் காலை ஆய்வுக்கூடத்தில் போய் நின்றேன். ஆராய்ச்சியை நடத்தும் பெரிய டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் சிவப்புச் சாயத்தை எடுத்தாள். எலும்பின் சுண்ணாம்புச் சத்து இருந்தால் சாயம் தங்கும். இல்லையென்றால் கழுவியதும் போய்விடும்.

"இரும்மா. ஆறு வில்லைக்கு நான் மெருகேத்திட்டேன்."

அறுபத்தெட்டு வயதில் ஒருவரிடம் நான் தப்பை ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அவள் நிமிரவே இல்லை. "தெரியும். மைக்ராஸ்கோப்பே தேவைப்படல, என் மூஞ்சி தெரிஞ்சுது. அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டித் தனியா பிரிச்சு வச்சு, அதுலயும் செல்லு வளத்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க எப்ப சொல்வீங்கன்னு பாத்தேன். மிச்ச ஆறுதான் இப்ப என்னைக் காப்பாத்தணும். மேசையில கை வைக்காதீங்க."

கையை எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றிலும் சாயம் விட்டுக் கழுவினாள். முதல் தண்ணீர் ரத்தமாக ஓடியது. இரண்டாவதில் என் ஆறும் வெளிறிப் பல்லிளித்தன. மூன்றாவது தண்ணீர் தெளிவாக வந்தது. மங்கல் வில்லைகள் ஆறும் சிவப்பாகவே இருந்தன.

டாக்டர் குனிந்து பார்த்தார். "இன்னும் இருபத்திநாலு வில்லை வேணும்," என்றார்.

"விளிம்ப மட்டும் தொடுங்க அத்தான்," என்றாள் அவள்.

அன்று மாலையே மெருகுச் சக்கரத்தின் பெல்ட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். வேறெந்தப் பட்டறைக்காரனும் கொடுத்திருக்க மாட்டான். வேண்டாமென்று ஒரு பேச்சுக்காவது சொல்வாள் என்று பார்த்தேன். வாங்கிச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.