ஓட்டைவாளி என்கிற ஆட்டக்காரர்

அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடம் எதிலாவது லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் கேட்பது அவர் குரலைத்தான். "பயப்படாதீங்க, கதவுகிட்ட இருந்து தள்ளி நில்லுங்க, நான் வந்துட்டேன்" என்று வெளியே நின்று சொல்வார். அந்தக் குரலைக் கேட்டதும் அழுதுகொண்டிருப்பவர்கள்கூட மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள். அத்தனை நிதானம். வீட்டுக்கு வந்தால் அந்த நிதானம் செருப்போடு வாசலிலேயே நின்றுவிடும் என்பாள் அவர் மனைவி.

அவர்களுக்கு ஒரே மகள். பாப்பா என்று கூப்பிடுவார்கள், மருந்துக் கடையில் வேலைக்குப் போகிற வயதிலும். கடையிலிருந்து வந்ததும் அறைக்குள் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அது எந்திரப் போர் விளையாட்டு. இன்னும் பல நூறு வருஷம் கழித்து, ஏதேதோ கிரகங்களில் நான்கு மாடி உயரத்துக்கு இரும்பு மனிதர்கள் நடந்துபோய் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வார்கள். ஒவ்வொரு இரும்பு மனிதனின் மார்புக்குள்ளும் ஒரு ஓட்டுநர். அவர்களில் ஒருத்தி பாப்பா. அங்கே அவள் பெயர் துருக்குயில். அந்த விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடக் கூப்பிட்டார்கள். "இருங்கப்பா, கடைசி ஆட்டம்" என்றாள். மறுபடி கூப்பிட்டார்கள். காதில் ஹெட்செட்டோடு கையை மட்டும் ஆட்டினாள். அவர் உள்ளே போய்ச் சுவரோரம் குனிந்து மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

அவள் கத்தவில்லை. இருண்ட திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "என்கூட நாலு பேர் நின்னுட்டிருந்தாங்கப்பா. அவங்கள அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்" என்றாள். பிறகு கை கழுவி வந்து சாப்பிட்டாள். மறுநாள் காலை கடைக்குப் போனவள் திரும்பவில்லை.

போன் அணைந்து கிடந்தது. காவல் நிலையத்துக்கு ஓடினார்கள். அவளே அங்கே போன் செய்து, தன் விருப்பப்படிதான் போனதாகவும் தேட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள். "வயசு வந்த பொண்ணு. நாங்க என்னங்க செய்ய முடியும்?" என்று அதிகாரி கையை விரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீடு வீடாக இல்லை. மனைவி மூன்று பேருக்கு உலை வைப்பாள், ஒருவருக்கான சோற்றைத்தான் இருவரும் தின்பார்கள், மீதியைக் கொட்டுவாள். அணைந்த எண்ணுக்குத் தினமும் போன் போடுவாள். 'நீங்கள் அழைத்தவர்' என்று பேசும் பதிவுக் குரலை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். கணவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவரோ எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கதவைத் திறந்தாலும் உள்ளே நிற்கிற பெண்களின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார். அந்தப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

மாதங்கள் போயின. ஒரு மாலை மனைவியின் தம்பி மூச்சிரைக்க வந்தான். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவன். வாய் ஓயாதவன், அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாமா, பாப்பா விளையாடுறா. முன்னாடி எங்கிட்ட சொன்ன விளையாட்டுப் பேரு பக்கத்துல பச்சை விளக்கு எரியுது, உள்ள இருக்கான்னு அர்த்தம். இப்பதான் பாத்தேன்."

"பேசினியா?"

"'பாப்பா, நான்தான்'னு எழுதினேன். கதவ சாத்திட்டா. இனி என் பேர்ல என்ன எழுதினாலும் அவளுக்குப் போகாது. வேற யாராவது புதுசா உள்ள போகணும். ஆனா புதுசா வர்றவங்க உடனே யார்கிட்டயும் பேச முடியாது. பயிற்சி முடிக்கணும், கொஞ்சம் சண்டையும் போட்டிருக்கணும். கண்டவனும் வந்து தொல்லை பண்ணக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்கானுங்க."

"நான் போறேன்" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

மைத்துனன் அவர் விரல்களைப் பார்த்தான். கிரீஸ் ஏறிக் கறுத்த, தடித்த விரல்கள். பாப்பாவின் கம்ப்யூட்டரைப் போட்டான். உள்ளே நுழைய ஒரு பெயர் கேட்டது. எழுதுகிற பெயரெல்லாம் ஏற்கெனவே வேறொருவருக்கு இருந்தது. எரிச்சலில், பழுதான எதைப் பார்த்தாலும் திட்டுகிற தன் வழக்கமான வார்த்தையை, 'ஓட்டைவாளி' என்று தட்டினான். ஏற்றுக்கொண்டது.

மகளின் நாற்காலி அவருக்குச் சிறியது. முழங்கால் மேசையில் இடித்தது. திரையில், வெளிறிய மணல்வெளியில், அவருடைய இரும்பு மனிதன் நின்றிருந்தான். நடக்க விசைப்பலகையில் நான்கு எழுத்துகள். திரும்ப மவுஸ். இதில் ஒரு சிக்கல். கால் ஒரு பக்கம் போகும், இடுப்புக்கு மேலே உள்ள உடம்பு வேறு பக்கம் பார்க்கும். இரண்டையும் தனித்தனியாகத் திருப்ப வேண்டும். அவர் பார்ப்பது ஒரு திசை, நடப்பது ஒரு திசை. தெற்கே குறி வைத்துக்கொண்டே கிழக்கே நடந்து, பள்ளத்தில் விழுந்தார். ஏறி வந்தார். மறுபடி அதே பள்ளம்.

"கால பாக்காதீங்க மாமா. நாம நடக்கும்போது காலையா பாக்குறோம்?"

"என் கால் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்டா. இவன் கால் எனக்கு எப்படித் தெரியும்?"

அடுத்தது சூடு. ஒவ்வொரு முறை சுடும்போதும் எந்திரத்துக்குள் வெப்பம் ஏறும். ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு உயர்ந்துகொண்டே போகும். உச்சத்தைத் தொட்டால் எந்திரம் அணைந்து சிலையாக நின்றுவிடும். எதிரி சாவகாசமாக வந்து அடிப்பான். அவர் பதற்றத்தில் பொத்தானை விடாமல் அழுத்துவார், அணைந்துபோவார், அடி வாங்குவார். கோடு இறங்கும்வரை கை கட்டிக் காத்திருக்க வேண்டும் என்பது மண்டைக்குப் புரிந்தது. விரல் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை, வாசலில் மனைவி வந்து நின்றாள். மாதக்கணக்கில் பேசாதவள் பேசினாள்.

"பொண்ண தொலைச்சுட்டு, அவ நாற்காலியிலயே உக்காந்து விளையாடுறீங்களா?"

அவர் திரும்பவில்லை. திரும்பினால் பள்ளத்தில் விழுவார். "அவ இதுக்குள்ளதான் இருக்கா" என்றார். "கிட்ட போறதுக்கு வேற வழி எனக்குத் தெரியல."

மைத்துனன் அக்காவை உட்காரவைத்து விளக்கிச் சொன்னான். ஓரத்தில் இருந்த பெயர்ப் பட்டியலில் துருக்குயிலைக் காட்டினான். விளக்கு சாம்பல் நிறத்தில் இருந்தது. அவள் அடுக்களையிலிருந்து ஒரு முக்காலியை எடுத்துவந்து போட்டு, அந்த ஒரு பெயரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அதுதான் அவள் இடம்.

பயிற்சியை எப்படியோ தாண்டினார். உண்மையான ஆட்களோடு சண்டை தொடங்கியது. ஹெட்செட்டில் முகம் தெரியாதவர்கள் திட்டினார்கள்.

"யாருப்பா அந்த ஓட்டைவாளி? நம்ம ஆளையே சுடுறான்!"

"டேய் வாளி, வழிய விடுடா, பின்னாடி நாங்க நிக்கிறோம்!"

அவர் வயதுக்கு யாரும் அவரை அப்படிப் பேசியதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கப்பா" என்பார். அந்தக் குரலின் வயதைக் கேட்டு எதிர்முனை சட்டென்று அமைதியாகிவிடும். மனைவிக்கு ஆட்டம் அவரைவிடச் சீக்கிரம் பிடிபட்டது. "பின்னாடி, பின்னாடி ஒருத்தன் வரான்!" என்று தோளில் அடிப்பாள். "சிவப்பு ஏறுது, கைய எடுங்க!" என்பாள். சோற்றைத் தட்டில் போட்டு மேசைக்கே கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தாள்.

ஒரு மாலை அந்த விளக்கு பச்சையானது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆட்டம் யாரை யாரோடு சேர்க்கும் என்பது அதன் இஷ்டம். அன்று எதிரணியில் போட்டது. பனி கொட்டும் ஏதோ ஒரு மலைச்சரிவில், ஒல்லியான சாம்பல்நிற எந்திரம் ஒன்று பாறைக்குப் பின்னாலிருந்து வந்தது. தலைக்கு மேலே துருக்குயில் என்று எழுதியிருந்தது. அவர் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டார். அது ஒரு கணம் நின்றது போல இருந்தது. பிறகு இரண்டே அடி. அவர் எந்திரம் சரிந்தது.

"நம்ம பொண்ணு நல்லா அடிக்குறா" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

சண்டைகள் போதுமான அளவு சேர்ந்து, எழுதும் கட்டம் திறந்தது. என்ன எழுதுவது? எழுதி எழுதி அழித்தார். 'வீட்டுக்கு வா' என்றார், அழித்தார். "சாப்டியான்னு கேளுங்க" என்றாள் மனைவி. கடைசியில் 'பாப்பா, நான் அப்பா' என்று மட்டும் எழுதி அனுப்பினார்.

பச்சை விளக்கு அணைந்தது.

மறுநாளும் எரியவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஒரு வெளிச்சமாவது இருந்தது, அதையும் ஊதி அணைத்துவிட்டோம் என்று மனைவி சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவரைக் கொன்றது. வேலையில் அவர் கவனம் சிதறியது. லிஃப்ட் பள்ளத்துக்குள் நிற்கும்போது மேலே சுவிட்சை அணைத்தோமா என்று யோசிக்காமல் கம்பியில் கை வைத்தார். கூட வேலை செய்கிறவர் கழுத்துப் பட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்திருக்காவிட்டால் கை போயிருக்கும். "கொஞ்ச நாள் வீட்டுல இருங்க, அண்ணே" என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் இருந்தார். வீட்டில் இருந்து என்ன செய்வார்? அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவள் இல்லாத ஆட்டத்தை ஆடினார். ஜெயிக்கவும் இல்லை, ஜெயிக்க நினைக்கவும் இல்லை. மனைவி முக்காலிக்கு வருவதை விட்டுவிட்டாள். படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். மைத்துனன் வந்து, "மாமா, இத மூடிடலாம்" என்றான். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. அந்த அறையை விட்டு எழுந்து போனால், தேடுவதை நிறுத்திவிட்டதாக ஆகிவிடும் என்று பயந்தார்.

வெளியே மழை பெய்த ஒரு சாயங்காலம், அவரைச் செம்மண் கிரகம் ஒன்றில் இறக்கிவிட்டார்கள். அணியில் வெறுங்கை என்றொரு புதுப் பெயர். ஆட்டம் தொடங்கியதிலிருந்து அந்த எந்திரம் அவருக்கு வலதுபக்கத்திலேயே வந்தது. அவர் நின்றால் நின்றது. அவரை ஒருவன் சுட வந்தபோது குறுக்கே போய் அடியை வாங்கிக்கொண்டது. அவர் பதறிப்போய்ப் பொத்தானை அழுத்தினார், அழுத்தினார், சிவப்புக் கோடு ஏறியது.

காதுக்குள் ஒரு குரல். "சூடு ஏறுது. சுடாதீங்க. கைய எடுங்கப்பா."

அவர் கையை எடுத்தார். கை மட்டுமல்ல, உடம்பே நின்றுபோனது. மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்திக் கூப்பிட்டது அவருக்கே நினைவில்லை. அவள் ஓடிவந்தாள். ஹெட்செட்டின் ஒரு காதை அவள் பக்கம் திருப்பினார். இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டன.

"பாப்பா" என்றாள் அம்மா.

"ம்."

"சாப்டியாடா?"

"சாப்ட்டேன்மா." பக்கத்தில் ஏதோ வெடித்தது. "அப்பா, இடதுபக்கம் பாருங்க. பாறைக்குப் பின்னாடி போங்க."

போனார். "நான் எழுதறதுக்கு முன்னாடியே நான்தான்னு தெரியுமாம்மா?"

"மொத நாளே தெரியும். ஓட்டைவாளின்னு மாமாவத் தவிர யாரு பேரு வைப்பாங்க? என்னப் பாத்துட்டுச் சுடாம நின்னது நீங்கதான்." சிரித்தாளா என்று தெரியவில்லை. "நீங்க சொல்லாமலே இருந்திருந்தா நானும் தெரியாத மாதிரி விளையாடிட்டு இருந்திருப்பேன். நீங்க எழுதினதும் என்னால முடியல. அதான் இப்ப வேற பேர்ல வந்து, உங்க பக்கம் விழற வரைக்கும் ஆடினேன்."

"அந்த ஒயர நான்..."

"இப்ப அத பேசாதீங்கப்பா. எதிர்ல வரான்."

ஆட்டம் முடிந்தது. அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சில மாலைகளில் வருவாள், பல மாலைகளில் வரமாட்டாள். எங்கே இருக்கிறாள் என்று கேட்டால் பேச்சை மாற்றுவாள். இருக்கிற ஊரில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை என்றும், கம்ப்யூட்டர் வாடகைக்கு விடுகிற கடையில் மணிக்கணக்கில் காசு கொடுத்து விளையாடுகிறாள் என்றும் மட்டும் தெரிந்தது. ஒருநாள் விடாமல் இருமினாள். அன்றைக்கு அம்மா கேட்டபோது ஊர்ப் பெயரைச் சொன்னாள், தெருவையும் சொன்னாள். அம்மாவிடம்தான் சொன்னாள். அவர் வேலைக்குத் திரும்பியிருந்த நேரம் அது.

மனைவி ஒரு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். சில நாள் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தாள். அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"எப்படி இருக்கா?"

"மெலிஞ்சிருக்கா. காய்ச்சல் விட்டுடுச்சு. கூட ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க, நல்ல பொண்ணுங்க." பையைக் கீழே வைத்தாள். "வரமாட்டா. அத கேட்டு அவள நோகடிக்காதீங்க."

"என்னப் பத்தி..."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தது அவருக்கே தெரிந்தது.

"கேட்டா. வேலைக்குப் போறாரான்னு கேட்டா. பாக்கணும்னு இன்னும் சொல்லல."

அவர் தலையை ஆட்டினார். பையைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் உள்ளே போனார். அவள் வந்ததும் குளிக்க அடுப்பில் வெந்நீர் வைத்திருந்தார். அது கொதித்துப் பாதியாக வற்றியிருந்தது.