முதல் இலை கர்ப்பிணிக்கே

என் தங்கையின் ஏழாம் மாதச் சடங்குக்கு முறுக்கும் அதிரசமும் முந்திரிக்கொத்தும் ஓலைப்பெட்டி நிறையச் சுமந்துகொண்டு பூதப்பாண்டியிலிருந்து அவள் புகுந்த வீட்டுக்குப் போனோம். சடங்கு முடிந்த கையோடு அவள் மாமியார் அவளையே பந்தி பரிமாற விட்டார். எல்லோரும் தின்றார்கள். மூன்றாம் பந்தியில் குழம்பு வாளியோடு என் தங்கை மயங்கி விழுந்தாள்.

விருந்துக்கு வந்திருந்த உள்ளூர் டாக்டரம்மா ஓடிவந்து அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "உடம்புல ரத்தமே இல்லியே! என்ன சாப்பிடுகா?"

"கொஞ்சம் கஞ்சிதான். கூடத் தின்னா பிள்ள பெருத்து, பேறு கஷ்டமாயிரும்லா?" என்றார் மாமியார், எங்கள் முந்திரிக்கொத்தை மென்றுகொண்டே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றே தங்கையை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

இப்போது எந்த வீட்டுச் சடங்குக்குப் போனாலும் முதல் இலை கர்ப்பிணிக்குத்தான். அவள் வயிறார உண்டு எழும்வரை பலகாரப் பெட்டியின் மூடியிலிருந்து கையை எடுக்கமாட்டேன். மாமியார்கள் முறைக்கட்டும்!